தகரச் சீட்டும் கடவுச்சீட்டும்: பாக் நீரிணைப் பயணத்தில் நுழைவு நிபந்தனைகளும் முன்னாயத்தமும்

ஆய்வுச் சுருக்கம்

அயல்நாட்டுப் பயணத்திற்கான நுழைவு நிபந்தனைகள் மாறும்போது பயணி அதற்கேற்பத் தம்மை ஆயத்தம் செய்துகொள்கிறார். தமிழகத்திலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்று மீண்ட தொழிலாளரின் பயணத்தில் இவ்வாயத்தத்தை யார் செய்தனர், எதைக் கொண்டு செய்தனர், 1949இல் நிபந்தனைகள் அடியோடு மாறியபோது பழைய ஆயத்தம் என்னவாயிற்று என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. தோட்டத்தின் தகரச் சீட்டு, மண்டபம் முகாமின் மருத்துவச் சோதனை, கிராம முன்சீப்பின் கையெழுத்து ஆகியவை தொழிலாளியைக் கடல் கடக்க வைத்தன. ஆனால் அவர் கடந்தார் என்பதை அவர் கையில் சான்றாக விட்டுச்செல்லவில்லை. அச்சான்றைப் பின்னாளில் சட்டம் கேட்டதே மலையகத் தமிழரின் நாடற்ற நிலைக்கு ஒரு முதன்மைக் காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

திறவுச்சொற்கள்: பாக் நீரிணை, கங்காணி முறை, மண்டபம் முகாம், கடவுச்சீட்டு, பிரசாவுரிமை, நாடற்றவர், மலையகத் தமிழர்

முன்னுரை

கடவுச்சீட்டின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் அரசின் பக்கத்திலிருந்தே தொடங்கியுள்ளனர். மக்களின் நகர்வை அனுமதிக்கும் அதிகாரத்தை நவீன அரசு தன் ஏகபோகமாக்கிக்கொண்ட கதையாக ஜான் டார்ப்பி அதனை 2000இல் வெளிவந்த தம் நூலில் விளக்கினார். இந்தியரைப் பொறுத்தவரை அக்கதை குடியேற்ற ஆதிக்கத்தின் இனக் கொள்கையோடு பின்னிக் கிடப்பதை ராதிகா மோங்கியா காட்டியுள்ளார். இந்தியரின் வருகையை, 'இந்தியர்' என்ற சொல்லைப் பயன்படுத்தாமலேயே தடுக்கக் கனடா வழி தேடியது. புறப்பட்ட நாட்டிலிருந்து இடைமுறியாத ஒரே பயணமாக வந்து சேரவேண்டும் என 1908இல் அது விதித்த நிபந்தனை அத்தகையது.

அந்நிபந்தனையைச் சோதித்த கோமகதா மாரு கப்பலின் நிகழ்வு நன்கு அறியப்பட்டது. 1913 நவம்பரில் கனடிய நீதிமன்றமொன்று அவ்விதிகளைச் செல்லாதவை எனத் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு தந்த நம்பிக்கையில் குர்தித் சிங் கப்பலை வாடகைக்கு அமர்த்தினார். ஆனால் 1914 சனவரியிலேயே கனடா விதிகளைத் திருத்தி மீண்டும் பிறப்பித்துவிட்டது. ஏப்ரலில் ஆங்காங்கிலிருந்து புறப்பட்ட கப்பல் மே 23 அன்று வான்கூவரை அடைந்தது. 376 பயணியருள் மிகச் சிலரே இறங்க அனுமதி பெற்றனர். எஞ்சியோரோடு கப்பல் சூலை 23 அன்று திருப்பி அனுப்பப்பட்டது. ஒரு தீர்ப்பைப் படித்து ஆயத்தம் செய்தவர்கள், கரையில் வேறொரு விதியைச் சந்தித்தனர். மாறும் நிபந்தனைகளின் இடர் என்றால் நம் நினைவுக்கு வருவது இதுதான்: புறப்பட்ட வேளையில் ஒரு விதி, சென்று சேரும் வேளையில் மற்றொன்று.

பாக் நீரிணையில் நேர்ந்தது வேறு வகையானது. அங்கே மாறிய விதி முன்னே காத்திருக்கவில்லை. பின்னால் திரும்பிப் பார்த்தது. பல ஆண்டுகளுக்கு முன் முறைப்படி நிகழ்ந்து முடிந்த பயணங்களை ஒரு புதிய நிபந்தனை மீண்டும் விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. எந்த முன்னாயத்தமும் எட்டமுடியாத இடம் அது. நிபந்தனை மாற்றங்களைச் சட்டங்களின் பட்டியலாக அடுக்காமல், பயணியின் மூட்டைக்குள் இருந்தவற்றையும் இல்லாதவற்றையும் கொண்டு நோக்கும்போதே இவ்வேறுபாடு புலப்படுகிறது.

கங்காணியின் கையில் இருந்த ஆயத்தம்

1830களில் தொடங்கிய கோப்பித் தோட்டக் காலத்தில், தொண்டி, தேவிபட்டினம், பாம்பன் முதலிய கரைகளிலிருந்து தோணியேறி மன்னார்ப் பகுதியில் இறங்கி, வன்னிக் காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்து செல்வதே வழக்கமாயிருந்தது. வழியில் கொள்ளைநோய்க்கும் பசிக்கும் இரையானோர் பலர். நுழைவுக்கென ஆவணம் எதுவும் கேட்கப்படவில்லை. கங்காணி கொடுத்த முன்பணமும், அவர் சேர்த்த கூட்டமும், அவர் அறிந்த வழியுமே பயணத்திற்கு வேண்டிய ஆயத்தங்கள். ஊரிலும் உறவிலும் சாதியிலும் அறிமுகமான ஒருவரின் பின்னால் நடப்பதே பயணமாக இருந்த காலத்தில், 'இவர் யார்' என்ற வினாவுக்குக் கங்காணியே விடையாக இருந்தார்.

கோப்பி அழிந்து தேயிலை ஓங்கிய பின், ஆண்டு முழுவதும் தங்கும் தொழிலாளர் தேவைப்பட்டனர். தோட்டங்களுக்கிடையே ஆட்களை இழுத்துக்கொள்ளும் போட்டியும், கங்காணிகளுக்குக் கொடுத்த முன்பணம் திரும்பாத சிக்கலும் பெருகின. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்ட முதலாளிகள் கண்டுபிடித்த வழியே தகரச் சீட்டு முறை. தோட்டத்தைக் குறிக்கும் எழுத்தும் எண்ணும் பொறித்த சிறு தகர வில்லையொன்றைக் கங்காணி தமிழகத்துக்குக் கொண்டுவந்து, தாம் திரட்டிய ஒவ்வொருவருக்கும் கொடுப்பார். தொழிலாளி அதனைக் கயிற்றில் கோத்து அணிந்துகொள்வார். அதைக் காட்டினால் தோட்டம் வரையிலான பயணச் செலவு நடக்கும். அச்செலவு அத்தோட்டத்தின் கணக்கில் பற்றெழுதப்படும். 1904இல் திருச்சிராப்பள்ளியைத் தலைமையிடமாகக் கொண்டு நிறுவப்பட்ட இலங்கைத் தொழிலாளர் ஆணையம் இவ்வேற்பாடுகளை மேற்பார்வையிட்டது.

இவ்வில்லையைக் கடவுச்சீட்டின் முன்னோடி எனக் கொள்ளும் போக்கு உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கடவுச்சீட்டு அதனை ஏந்துபவரின் பெயரைச் சொல்கிறது. அவருக்காக ஓர் அரசு வேறோர் அரசிடம் பேசுகிறது. தகரச் சீட்டில் ஆளின் பெயருக்கு இடமில்லை. அது பேசியது ஒரு தோட்டத்தின் கணக்கை. சரக்குப் பொதியின் மீது ஒட்டப்படும் முகவரிக்கே அது நெருக்கமானது. தோட்டத்தை அடைந்ததும் அதன் வேலை முடிந்தது. தொழிலாளியின் கையில் அது தங்கவில்லை. வந்த நாள், வந்த வழி, வந்தவர் பெயர் ஆகியவை தோட்டத்தின் பேரேட்டிலும் கங்காணியின் கணக்கிலும் ஏறின. அவ்விரண்டும் தொழிலாளியின் உடைமைகள் அல்ல.

ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகத் தேவைப்பட்ட 'துண்டு' என்னும் சீட்டும் இதே இயல்பினது. இன்ன தொகை கடனைத் தீர்த்தால் இவர்களை விடுவிக்கிறோம் என ஒரு தோட்டத்துரை எழுதித் தந்த தாள் அது. நாட்டுக்குள் நகர்வதற்கான அத்தாளும் கடனைப் பற்றியதே. துண்டு முறை 1921ஆம் ஆண்டின் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

மண்டபம்: உடலே ஆவணமாதல்

1914 பெப்ரவரி 24 அன்று பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. மார்ச்சு முதல் நாளில் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பற் போக்குவரத்து தொடங்கியது. கர்சன், எல்ஜின், ஹார்டிங் எனப் பிரித்தானிய ஆட்சியாளர் பெயர்களைத் தாங்கிய நீராவிக் கப்பல்கள் ஏறத்தாழ 35 கிலோமீட்டர் கடலைக் கடந்தன. சென்னையில் ஏறிய பயணச்சீட்டோடு கொழும்பில் இறங்கும் வசதி படித்த வகுப்பாருக்கும் வணிகருக்கும் கிட்டியது. தோட்டத் தொழிலாளருக்கோ இந்தப் புதிய வழி ஒரு வாயிலையும் உடன்கொண்டு வந்தது. அதுவே மண்டபம் முகாம்.

இம்முகாமின் அமைப்பு உற்று நோக்கத்தக்கது. இந்திய மண்ணில், இராமநாதபுரம் கரையில், இலங்கை அரசு தன் பொறுப்பில் நடத்திய முகாம் அது. இலங்கையின் எல்லை தலைமன்னாரில் இருந்தாலும், எல்லையின் கேள்விகள் மண்டபத்திலேயே கேட்கப்பட்டன. பயணி இறங்கவேண்டிய நாட்டின் அதிகாரி, பயணி ஏறும் கரைக்கே வந்து அமர்ந்துகொள்ளும் ஏற்பாட்டை இன்றைய வானூர்தி நிலையங்கள் சிலவற்றில் காண்கிறோம். அதைப் புதுமை எனவும் எழுதுகிறோம். தூத்துக்குடி வழிக்குத் தட்டப்பாறையில் அத்தகைய முகாம் மண்டபத்துக்கு முன்பே இருந்தது.

முகாமில் கேட்கப்பட்டது தாள் அன்று, உடல். தொழிலாளர் சில நாள்கள் அங்கே தங்கவைக்கப்பட்டுக் கண்காணிக்கப்பட்டனர். துணிகள் நீராவியில் நச்சு நீக்கம் செய்யப்பட்டன. அம்மை குத்தப்பட்டது. கொக்கிப்புழு நோய்க்கு மருந்து கொடுக்கப்பட்டது. வாந்திபேதியும் பெரியம்மையும் கடல் கடப்பதைத் தடுப்பதே நோக்கம் எனக் கூறப்பட்டது. 1896 முதல் இந்தியாவில் பரவியிருந்த கொள்ளைநோயின் அச்சமும் சேர்ந்திருந்தது. இந்த அச்சம் பொய்யன்று. ஆனால் அது எல்லோர் மீதும் ஒன்றுபோல் பாயவில்லை. மேல்வகுப்புப் பயணியர் மருத்துவ ஆய்வோடு கடந்து செல்ல, முகாமில் நாள்கணக்கில் தங்கவேண்டியோர் தொழிலாளராகவே இருந்தனர். நோய்க்கிருமி பயணச்சீட்டின் வகுப்பைப் பார்ப்பதில்லை, விதி பார்த்தது.

2020 முதல் சில ஆண்டுகள் உலக நாடுகள் தடுப்பூசிச் சான்றும் தனிமைப்படுத்தலும் கேட்டு, வாரத்துக்கு ஒருமுறை அவற்றை மாற்றியபோது பலரும் அதனை முன்னெப்போதும் இல்லாத நிலை என வருணித்தனர். பாக் நீரிணையைக் கடந்தோரின் வழித்தோன்றல்களுக்கு அது அத்துணைப் புதியதன்று. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. இன்றைய பயணி தம் சான்றைத் தாமே வைத்திருக்கிறார். மண்டபத்தில் அம்மை குத்திக்கொண்டவருக்கு எஞ்சியது புயத்தின் தழும்பே.

கிராம முன்சீப்பின் கையெழுத்தும் 1939 தடையும்

1922ஆம் ஆண்டின் இந்தியக் குடிபெயர்வுச் சட்டமும், அதற்கு ஈடாக இலங்கை 1923இல் இயற்றிய இந்தியக் குடிவரவுத் தொழிலாளர் சட்டமும் இவ்வேற்பாட்டை ஓரளவு சீர்செய்தன. ஆள்திரட்டும் கங்காணிக்கு உரிமம் தேவைப்பட்டது. குடிபெயர விரும்புவோரைக் கிராம முன்சீப்பின் முன் நிறுத்தி, மறுப்பு ஏதுமில்லை என அவர் கையெழுத்தைப் பெறவேண்டும். பயணச் செலவைத் தோட்டங்கள் செலுத்தும் பொது நிதி ஏற்றது. அது தொழிலாளியின் கடனாகக் கூடாது என்றாயிற்று. வந்த ஓராண்டுக்குள் உடல்நலக் குறைவாலோ முறையற்ற நடத்துதலாலோ திரும்ப விரும்புவோரை அந்நிதியின் செலவில் அனுப்பவும் வழிசெய்யப்பட்டது. கண்டியில் இந்திய அரசின் முகவர் அமர்ந்தார்.

இவை சிறு நன்மைகள் அல்ல. ஆயினும் இக்கட்டுரையின் நோக்கில் கவனிக்கவேண்டியது வேறு. உரிமம் கங்காணியின் பெயரில் இருந்தது. முன்சீப்பின் கையெழுத்து அதனோடு சேர்ந்த படிவத்தில் இடப்பட்டது. பாதுகாப்பு கூடிய அளவுக்குத் தாள்களும் கூடின. ஆனால் அவற்றுள் ஒன்றும் தொழிலாளியின் பெட்டிக்குள் போகவில்லை.

1939 ஆகஸ்டு 1 அன்று நிபந்தனை புறப்படும் கரையிலிருந்தே மாறியது. இலங்கை அரசு தன் நாட்கூலிப் பணிகளிலிருந்து இந்தியரை விலக்கத் தொடங்கியதை ஒட்டி, நேரு சூலையில் கொழும்பு சென்று பேசியும் பயன் விளையவில்லை. திறன்சாராத் தொழிலுக்காக இலங்கை செல்வதை இந்திய அரசு தடை செய்தது. இதுவரை இலங்கைதான் யாரை உள்ளே விடுவது எனக் கேட்டுவந்தது. இப்போது இந்தியா யாரை வெளியே விடுவது எனக் கேட்டது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, திருவிழாவுக்கோ திருமணத்துக்கோ ஊர் வந்தவரும் மண்டபத்தில் 'திறன்சாராத் தொழிலாளி' என்ற வகைக்குள் அடங்கிவிடக்கூடும். தொழிலாளரின் மதிப்பைக் காக்க எடுக்கப்பட்ட அத்தடை, ஊருக்குப் போனால் திரும்பமுடியுமா என்ற ஐயத்தை முதன்முறையாக லயங்களுக்குள் கொண்டுவந்தது எனக் கருத இடமுண்டு.

பின்னோக்கிப் பார்த்த விதி

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் இலங்கையில் பிறந்த தந்தையை அல்லது தந்தைவழி முன்னோரைக் காட்டுமாறு கேட்டது. அதே ஆண்டின் 20ஆம் இலக்கக் குடிவரவு, குடியகல்வுச் சட்டம் 1949 நவம்பர் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. கடவுச்சீட்டும் விசாவும் இன்றி இனி நுழையமுடியாது. இவ்விரு சட்டங்களுக்கும் நடுவில் 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானியக் குடியிருப்பாளர் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. முதலாவதைப் பற்றியும் மூன்றாவதைப் பற்றியும் அரசியல் வரலாற்றாசிரியர்கள் விரிவாக எழுதியுள்ளனர். இரண்டாவதைத் தனியே வைத்து, அதனை வெறும் நிர்வாகச் சட்டமாக அவர்கள் கடந்துவிடுகின்றனர். மூன்றையும் ஒரு பயணியின் இடத்திலிருந்து சேர்த்துப் படிக்கவேண்டும்.

மூன்றாவது சட்டத்தின் கீழ்ப் பதிவு கோருவோர், 1946 சனவரி 1க்கு முன் இடையறாது இலங்கையில் வாழ்ந்திருக்கவேண்டும்: மணமாகாதவர் 10 ஆண்டுகள், மணமானவர் 7 ஆண்டுகள். அந்நாளுக்குப் பின் விண்ணப்பிக்கும் வரையிலும் அவ்வாறே. ஒருமுறை சென்று 12 மாதங்களுக்கு மேல் வெளியே தங்கியிருந்தால் தொடர்ச்சி அறுந்ததாகும். மனைவியும் சிறுவயதுப் பிள்ளைகளும் எங்கே இருந்தனர் என்பதும் கணக்கில் கொள்ளப்பட்டது. விண்ணப்பத்துக்கான காலம் 1951 ஆகஸ்டு 5 வரை.

இந்த ஆண்டுக்கணக்கைச் சற்று விரித்துப் பார்க்கலாம். மணமாகாதவருக்கு 1936 முதல், மணமானவருக்கு 1939 முதல் இடையறாத வாழ்வு காட்டப்படவேண்டும். இந்த இடைவெளிக்குள் விழுந்தவை எவை? 1939இன் தடை. அதையடுத்த உலகப்போர். 1942 ஏப்ரலில் சப்பானிய விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கிய நாள்களும், அச்சத்தால் இந்தியாவுக்குக் கிளம்பிய குடும்பங்களும். தடையால் திரும்ப முடியாது தவித்தவரும், போருக்கு அஞ்சி மனைவி மக்களை ஊருக்கு அனுப்பியவரும் அன்று எந்த விதியையும் மீறவில்லை. போர்க்காலத்தில் குடும்பத்தைப் பாதுகாப்பான இடத்துக்கு அனுப்புவது நல்ல முன்யோசனையாகவே கருதப்பட்டிருக்கும். 12 மாதக் கணக்கு என ஒன்று வரும் என அறிந்திருந்தால் அல்லவா 11ஆம் மாதத்தில் அவர்களை அழைத்துக்கொள்வதற்கு?

அடுத்தது சான்று. இடையறாத வாழ்வைக் காட்ட எதைக் கொண்டுவருவது? வந்த நாளைச் சொல்லியிருக்கக்கூடிய தகரச் சீட்டு கையில் இல்லை. இருந்தாலும் அதில் பெயரில்லை. மண்டபத்தின் பதிவு முகாமிடம். வேலை செய்த நாள்களின் பதிவு தோட்டப் பேரேட்டில். அதைத் தருவதும் மறுப்பதும் துரையின் விருப்பம். அந்தப் பேரேட்டில் பெயர் எழுதப்பட்ட முறையும் நேரானதன்று. ஒரே பெயர் கொண்ட பலர், தந்தை பெயர் விடுபட்டோர், கங்காணி சொன்னபடி எழுதப்பட்டோர், ஆங்கிலம் அறிந்த எழுத்தர் காதில் விழுந்தபடி பதியப்பட்டோர் எனப் பேரேடுகள் நிரம்பியிருப்பது இயல்பு. கூலி கொடுக்க அது போதும். ஒரு குடும்பத்தின் குடியுரிமையைத் தாங்க அது போதாது. அரை நூற்றாண்டுக் காலம் பயணத்தின் ஆயத்தத்தை முதலாளிகளும் கங்காணிகளும் செய்து, அதன் ஆவணத்தையும் தம்மிடமே வைத்துக்கொண்டதன் விளைவு, அந்த ஆயத்தத்தைப் பற்றி ஓர் அரசு கேட்டபோது தொழிலாளியிடம் விடையில்லாமற் போனதே.

இலங்கை இந்தியர் காங்கிரசு இச்சட்டத்தைத் தொடக்கத்தில் புறக்கணித்து, பின்னரே விண்ணப்பிக்கும்படி கூறியதால், விண்ணப்பங்கள் காலவரம்பின் பிற்பகுதியில் குவிந்தன. ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள் 8 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் சார்பில் அளிக்கப்பட்டன. பல ஆண்டுகள் நீண்ட பரிசீலனையின் முடிவில் பிரசாவுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேர். காங்கிரசின் புறக்கணிப்பைக் குறைகூறும் ஆய்வாளர்கள் உண்டு. காலத்தோடு விண்ணப்பித்திருந்தாலும் கேட்கப்பட்ட சான்றுகள் கிடைத்திருக்கமாட்டா என்பதை அவர்கள் எடைபோடுவதில்லை.

இதனிடையே, 1949 நவம்பருக்குப் பின் ஒருவர் ஊரில் தாய் இறந்த செய்தி கேட்டுப் புறப்படவேண்டும் எனக் கொள்வோம். கடவுச்சீட்டு வேண்டும். யாருடைய கடவுச்சீட்டு? இலங்கையின் கடவுச்சீட்டு இலங்கைப் பிரசைக்கு. அவர் விண்ணப்பம் இன்னும் முடிவாகவில்லை. இந்திய அரசமைப்பின் 8ஆம் உறுப்பு, வெளிநாட்டில் வாழும் இந்திய வம்சாவளியினர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பதிவுசெய்து குடிமகனாக வழிவகுத்திருந்தது. அப்படிப் பதிவுசெய்தால் இந்தியக் கடவுச்சீட்டு கிடைக்கும். இலங்கையில் கேட்டிருந்த பிரசாவுரிமை போய்விடும். இருபுறமும் சாராதவருக்குத் தனியே ஒரு பயணச் சான்று. அதிலும் திரும்பி வருவதற்கான அனுமதி உறுதியில்லை. பயணத்துக்கான ஆயத்தம் என்பது பயணி இனி எந்நாட்டவர் என முடிவுசெய்யும் செயலாக மாறிவிட்டது. இழவுக்குப் போவதற்கும் போகாதிருப்பதற்கும் இடையில் ஒரு நாடு நின்றது. பலர் போகாதிருந்தனர் என்பதை எந்தப் புள்ளிவிவரமும் பதிவுசெய்யாது. நிகழாத பயணங்களுக்குப் பேரேடு இல்லை.

தாய்மொழியே சாட்சி

1954 சனவரி 18 அன்று நேருவும் சர் ஜோன் கொத்தலாவலையும் தில்லியில் செய்துகொண்ட ஒப்பந்தம் பொதுவாக நாடற்றோர் சிக்கலுக்கான ஒரு தோல்வியுற்ற முயற்சியாகவே பேசப்படுகிறது. தமிழாய்வுக்கு உரிய ஒரு கூறு அதில் உண்டு. கள்ளத்தனமான குடிவரவைத் தடுக்க, வாக்காளர் பட்டியலில் இல்லாத வயதுவந்தோரை எல்லாம் பதிவுசெய்யவேண்டும் எனவும், அவ்வாறு பதிவுபெறாதவரின் தாய்மொழி இந்திய மொழிகளுள் ஒன்றாயின் அவர் இந்தியாவிலிருந்து கள்ளமாக வந்தவர் எனக் கொள்ளப்படலாம் எனவும் அது கூறியது.

தமிழ் இலங்கையின் மொழியும்தான். ஆயினும் ஒப்பந்தத்தின் இச்சொல்லாட்சியில் அது 'இந்திய மொழி' என்ற வகைக்குள் வைத்துப் படிக்கத்தக்கதாயிற்று. ஆவணம் இல்லாத இடத்தில் நாக்கு சாட்சியானது. அதுவும் பேசுபவருக்கு எதிரான சாட்சி. 'கள்ளத்தோணி' என்ற சொல் இக்காலத்தில்தான் வசையாகப் பரவியது. 1952 முதல் கரையோரத்தில் படையினர் நிறுத்தப்பட்டனர். 1963இல் அதற்கெனத் தனிப் படைப்பிரிவே அமைக்கப்பட்டது. முன்னோர் தோணியில் வந்த காலத்தில் கள்ளத்தோணி, நல்ல தோணி என வகைகள் இருக்கவில்லை என்பதைச் சொல்வதற்கு அச்சொல் இடம்தருவதில்லை.

எதிர்த்திசையில் மண்டபம்

1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 9,75,000 பேர் எனக் கணக்கிடப்பட்ட நாடற்றோருள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவுசெய்வதென்றும் வகுத்தது. அவ்வெஞ்சியோரை 1974இல் இருநாடுகளும் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொண்டன. ஒப்பந்தம் கையெழுத்தான இரண்டு மாதத்துக்குள், டிசம்பர் 22–23 இரவில், தனுஷ்கோடியைப் புயல் அழித்தது. கப்பல் பின்னர் இராமேசுவரத்திலிருந்து புறப்பட்டது.

தாயகம் திரும்புவோரின் ஆயத்தம் முந்தைய எந்தப் பயணத்தையும்விடத் தாள்கள் நிறைந்தது. கண்டியிலிருந்த இந்தியத் துணைத் தூதரகத்தில் குடியுரிமைப் பதிவு, கடவுச்சீட்டு, மறுவாழ்வு உதவிக்கான குடும்ப அட்டை; தோட்டத்தில் சேமலாப நிதிக் கணக்குத் தீர்வு; பணத்தை எடுத்துச்செல்வதற்கான அனுமதி. இந்தியக் குடியுரிமை உறுதியானவருக்கு இலங்கையில் தங்கும் காலம் வரையறுக்கப்பட்டதால், இவை எல்லாம் குறித்த நாளுக்குள் முடியவேண்டும். தகரச் சீட்டில் பெயரே இல்லாதவரின் பேரனுக்கு, குடும்பத்தார் அனைவரின் பெயரும் வயதும் எழுதிய அட்டை இப்போது கிடைத்தது. நாட்டைவிட்டுப் போகும்போதுதான் அந்த அரை நூற்றாண்டுக் குறை நீங்கியது. ஒரே குடும்பத்தில் சிலருக்கு இந்தியக் குடியுரிமையும் சிலருக்கு இலங்கைப் பிரசாவுரிமையும் கிடைத்துப் பிரிய நேர்ந்தபோது, தெளிவாக எழுதப்பட்ட அந்தப் பெயர்ப்பட்டியலே பிரிவின் ஆவணமும் ஆயிற்று.

இராமேசுவரத்தில் இறங்கியோர் மண்டபத்துக்கு அழைத்துச்செல்லப்பட்டனர். முன்னர் வெளியேறுவோரைத் தடுத்து நிறுத்திச் சோதித்த முகாமே இப்போது உள்ளே வருவோரின் இடைத்தங்கல் முகாமாயிற்று. அங்கிருந்து நீலகிரித் தேயிலைத் தோட்டங்களுக்கும் பிற மறுவாழ்வுத் திட்டங்களுக்கும் அவர்கள் அனுப்பப்பட்டனர். 1983 வன்முறைக்குப் பின் அதே மண்டபத்துக்கு மூன்றாம் முறையாக மக்கள் வந்தனர், இம்முறை ஏதிலியராக. 1984இல் கப்பற் போக்குவரத்து நின்றபின் வந்தோர் படகுகளில், பெரும்பாலும் எந்தத் தாளும் இன்றி வந்தனர். அவர்களுள் மலையகத் தமிழரும் இருந்தனர்.

அவர்களைப் பொறுத்தவரை பின்னோக்கிப் பார்க்கும் விதி 1949உடன் முடியவில்லை. எஞ்சிய நாடற்றோருக்குப் பிரசாவுரிமை வழங்க இலங்கை 2003இல் இயற்றிய 35ஆம் இலக்கச் சட்டம் வரவேற்கப்பட்டது, வரவேற்கத்தக்கதும்கூட. ஆனால் அதன் நிபந்தனை, 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிலையாக வாழ்ந்தவராகவோ அத்தகையவரின் வழித்தோன்றலாகவோ இருத்தல் வேண்டும் என்பது. கலவரத்துக்கு அஞ்சிப் படகேறியவரின் நிலையான வாழ்வு அப்படகிலேயே அறுந்ததாகக் கொள்ளப்படும் நிலை இருந்தது. 2009இல் கொண்டுவந்த திருத்தம் இந்தியாவில் ஏதிலியராக இருப்போருக்காக இந்நிபந்தனையைத் தளர்த்தியது. ஆயினும் அதனைப் பயன்படுத்த, தாமோ பெற்றோரோ 1964இல் எந்தத் தோட்டத்தில் இருந்தனர் என்பதைக் காட்டவேண்டும். அதற்குரிய பேரேடுகள், அவை எஞ்சியிருந்தால், இன்னும் தோட்ட அலுவலகங்களிலேயே இருக்கின்றன.